க்ளையன்ட் கம்பெனியில் ட்ரெய்னி சொலிசிட்டர்: செகண்ட்மென்ட் நாளை நடத்தும் முறை

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சொலிசிட்டர் எனப்படும் வக்கீலாவதற்கான பயிற்சி இரண்டு ஆண்டு. சட்ட நிறுவனங்கள் பல அதை ஆறு மாத ‘சீட்’களாகப் பிரித்து, ஒரு சீட்டுக்கு ட்ரெய்னியைத் தங்கள் க்ளையன்ட் கம்பெனியின் லீகல் டீமுக்கு அனுப்பிவைப்பதுண்டு. இதுதான் செகண்ட்மென்ட். அங்கே போனதும் முதலில் மாறுவது கேள்வி வந்துசேரும் விதம். சட்ட நிறுவனத்தில் ஒரு கேள்வி பார்ட்னரிடம் வந்து, அசோசியேட் வழியாக வடிகட்டப்பட்டு, “இந்தப் பிரிவைத் தேடிப் பார்” என்று உங்களிடம் இறங்கும். கம்பெனியில் சேல்ஸ்காரர் நேராக வந்து, “இதில் கையெழுத்துப் போடலாமா?” என்பார். அவருக்கு ஆறு பக்கக் குறிப்பு வேண்டாம். போடலாம், போடக்கூடாது, இதை மாற்றினால் போடலாம் என்ற மூன்றில் ஒன்று வேண்டும். அதைப் பொறுப்போடு சொல்லப் பழகுவதுதான் இந்த ஆறு மாத வேலை.

போவதற்கு முன்

செகண்ட்மென்ட் ஒப்பந்தத்தை நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள். கம்பெனியில் உங்களை மேற்பார்வையிடும் சொலிசிட்டர் யார், உங்கள் வேலையில் பிழை நேர்ந்தால் பொறுப்பு யாருடையது, எந்த வேலை உங்களுக்குத் தரக்கூடாது ஆகிய மூன்றுக்கும் அதில் பதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் நிறுவனத்தின் பயிற்சிப் பொறுப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

எஸ்.க்யூ.இ. என்ற சொலிசிட்டர் தகுதித் தேர்வு வழியில் வருபவர்களுக்கு இன்னொன்று. தகுதிப் பணி அனுபவம் முழுநேரக் கணக்கில் இரண்டு ஆண்டு தேவை. அதை நான்கு இடங்கள் வரை பிரித்துக் காட்டலாம். செகண்ட்மென்ட் காலத்தை உறுதிப்படுத்தப்போவது யார் என்று முதல் வாரமே கேட்டு வையுங்கள். ஆறாவது மாதக் கடைசியில் கேட்டால், உங்களைத் தெரிந்த சொலிசிட்டர் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருக்கலாம்.

முதல் இரண்டு நாளில் கையில் சேர்க்க வேண்டியவை: கம்பெனிக் குழுமத்தின் வரைபடம், யார் எவ்வளவு தொகை வரை கையெழுத்திடலாம் என்ற அதிகாரப் பட்டியல், வழக்கமான ஒப்பந்த டெம்ப்ளேட்கள், எந்த நிபந்தனையில் எவ்வளவு இறங்கிவரலாம் என்று எழுதிவைத்த ‘ப்ளேபுக்’ ஏதாவது இருந்தால் அது. ப்ளேபுக் இல்லாத டீம்களும் உண்டு. அப்படியானால் கையெழுத்தாகி முடிந்த கடைசி ஐந்து ஒப்பந்தங்களை எடுத்து, பொறுப்பு வரம்பு (இழப்பு நேர்ந்தால் அதிகபட்சம் எவ்வளவு தர வேண்டும் என்பது), பணம் செலுத்தும் காலம், முடித்துக்கொள்ளும் உரிமை ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கம்பெனி உண்மையில் எதற்கு ஒத்துக்கொள்கிறது என்பது டெம்ப்ளேட்டைவிட அதில் தெளிவாகத் தெரியும்.

காலை: இன்பாக்ஸைக் கடிகாரப்படி பிரிப்பது

மேலே இருக்கும் மெயிலைத் திறந்து வேலையை ஆரம்பிக்காதீர்கள். முதல் இருபது நிமிடம் படிக்க மட்டும். சட்டம் கெடு வைத்தவை முதலில், இன்று கையெழுத்தாக வேண்டியவை அடுத்து, மற்றவை கடைசியில்.

சட்டக் கெடு உள்ளவற்றில் அடிக்கடி நழுவுவது தனிநபர் தகவல் கோரிக்கை. யூ.கே. ஜி.டி.பி.ஆர். என்ற தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒருவர் தன்னைப் பற்றிக் கம்பெனி வைத்திருக்கும் தகவலைக் கேட்டால் ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். சிக்கலான கோரிக்கையென்றால் இன்னும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம். செப்டம்பர் 3 அன்று வந்தால் அக்டோபர் 3. ஜனவரி 31 அன்று வந்தால் பிப்ரவரியின் கடைசி நாள். கேட்பவர் சட்டத்தின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, படிவம் நிரப்ப வேண்டியதில்லை, வாய்மொழியாகவும் கேட்கலாம். அதனால்தான் அது வாடிக்கையாளர் சேவைக்கு வந்த புகாரின் மூன்றாவது பத்தியில், “என்னைப் பற்றி நீங்கள் எழுதிவைத்திருப்பதையெல்லாம் அனுப்புங்கள்” என்ற ஒற்றை வரியாக ஒளிந்திருக்கும். கடிகாரம் ஓடத் தொடங்குவது அந்தப் புகார் கம்பெனிக்கு வந்த நாளில். உங்கள் மேசைக்கு வந்த நாளில் அல்ல. ஆகவே மெயிலில் முதலில் தேட வேண்டியது, அது கம்பெனிக்குள் எப்போது நுழைந்தது என்ற தேதி.

தகவல் கசிவு இதைவிட அவசரம். தனிநபர்களுக்கு ஆபத்து நேரக்கூடிய கசிவு என்றால், கம்பெனிக்குத் தெரியவந்த 72 மணி நேரத்துக்குள் தகவல் பாதுகாப்புக்கான ஒழுங்குமுறை அமைப்புக்குச் சொல்ல வேண்டும். சனி, ஞாயிறும் அந்த 72-க்குள் அடக்கம். “தப்பான ஆளுக்கு எக்செல் ஷீட் போய்விட்டது” என்று யாராவது எழுதியிருந்தால், மெயிலில் பதில் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். எழுந்து போய் மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். கம்பெனி மேல் யாரோ வழக்குப் போட்டதைச் சொல்லும் கோரிக்கைப் படிவம் நீதிமன்றத்திலிருந்து வந்திருந்தாலும் அப்படித்தான். வழக்கின் கோரிக்கை விவரங்கள் சேர்ப்பிக்கப்பட்டதிலிருந்து 14 நாளுக்குள் எதிர்வாதமோ, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையோ தாக்கலாக வேண்டும். ஒப்புகை கொடுத்தால் எதிர்வாதத்துக்கு மொத்தம் 28 நாள் கிடைக்கும். தபால் அறையில் கிடந்த உறையைக் கையில் வைத்துக்கொண்டு, “யாருக்கு அனுப்புவது?” என்று இரண்டு நாள் யோசிப்பதுதான் இதில் நடக்கும் தவறு.

‘அவசரம்’ என்று தலைப்பிட்டு வருபவற்றில் பாதி அவசரமில்லை. “எந்தத் தேதிக்குள் வேண்டும், அந்தத் தேதியில் என்ன நடக்கிறது?” என்று கேளுங்கள். இந்தக் கேள்வியின் இரண்டாவது பாதிதான் முக்கியம். “வெள்ளிக்கிழமை” என்று மட்டும் சொன்னால் அது ஆசை. “வெள்ளிக்கிழமை அவர்கள் விலைச் சலுகை முடிகிறது” என்றால் அது கெடு. உடனே செய்ய முடியாத வேலைக்கும், “கிடைத்தது, புதன் மதியத்துக்குள் பதில் வரும்” என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள். பதிலே வராத லீகல் டீமைச் சுற்றிக்கொண்டு போகும் வழியை பிசினஸ்காரர்கள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் உங்களிடம் வரும்.

ஒரு என்.டி.ஏ.வைப் பார்ப்பது

ட்ரெய்னியிடம் அதிகம் வருவது என்.டி.ஏ. எனப்படும் ரகசியக் காப்பு ஒப்பந்தம்தான். நான்கைந்து பக்கம்தான் என்றாலும், கற்றுக்கொள்ள இதைப்போல நல்லது கிடைக்காது. முதல் முறை முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஆவணத்தைத் திறக்கும் முன் அனுப்பியவரிடம் ஒரு கேள்வி: “நாம் எதைக் காட்டப்போகிறோம், அவர்கள் எதைக் காட்டப்போகிறார்கள்?” நாம் அவர்கள் மென்பொருளின் டெமோ பார்க்கிறோம், அவ்வளவுதான் என்றால் நாம்தான் ரகசியம் காக்கும் பக்கம், கடமைகள் குறுகலாக இருப்பது நமக்கு நல்லது. நம் வாடிக்கையாளர் விலைப்பட்டியலைக் கொடுக்கப்போகிறோம் என்றால் கதையே தலைகீழ். இது தெரியாமல் திருத்துபவர் சொந்தக் கம்பெனிக்கு எதிராகவே திருத்திவைப்பார்.

அடுத்து முதல் பக்கத்துப் பெயர். கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான கம்பெனீஸ் ஹவுஸின் இலவசத் தேடலில் எதிர்த்தரப்பின் பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். மொத்தம் எட்டு இடம், ஸ்காட்லாந்துக் கம்பெனி என்றால் எஸ்.சி. என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும். பெயர் மாறலாம், எண் மாறாது. ‘ஹோல்டிங்ஸ்’, ‘குரூப்’, ‘யூ.கே.’ என்று முடியும் சகோதரக் கம்பெனிகளில், பேச்சுவார்த்தை நடத்துபவர் ஒன்றில் வேலை செய்வார், ஒப்பந்தத்தில் இன்னொன்று இருக்கும். நம் பக்கத்திலும் அப்படியே: குழுமத்தில் எந்தக் கம்பெனி தகவலைப் பெறப்போகிறதோ அதுதான் கையெழுத்திட வேண்டும்.

பிறகு ரகசியத் தகவல் என்பதன் வரையறை, அதன் விதிவிலக்குகள். ஏற்கெனவே பொதுவில் இருப்பது, நமக்கு முன்பே தெரிந்தது, வேறொருவர் சட்டப்படி தந்தது, நாமே சுயமாக உருவாக்கியது என்ற நான்கும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். சட்டமோ ஒழுங்குமுறை அமைப்போ கேட்டால் வெளியிடலாம் என்ற வரி தனியாக இருக்க வேண்டும். யாரிடம் காட்டலாம் என்ற பட்டியலில் ‘ஊழியர்கள்’ மட்டும் இருந்தால் போதாது. குழுமக் கம்பெனிகளும் ஆலோசகர்களும் ஒப்பந்தப் பணியாளர்களும் விட்டுப்போனால், வேலை நடக்கும் முதல் நாளே நாம் ஒப்பந்தத்தை மீறியவர்களாகிவிடுவோம்.

காலத்தைப் படிக்கும்போது நிதானம் வேண்டும். தகவல் பரிமாறிக்கொள்ளும் காலம் ஒன்று, அதை ரகசியமாகக் காக்க வேண்டிய காலம் இன்னொன்று. “இந்த ஒப்பந்தம் இரண்டு ஆண்டு” என்று மட்டும் எழுதியிருந்தால், கடைசி மாதம் கொடுத்த தகவலுக்கு ஒரு மாதப் பாதுகாப்புதானா என்ற கேள்வி எழும். திருப்பித் தரும் பிரிவில், எல்லாப் பிரதிகளையும் அழித்துச் சான்றளிக்க வேண்டும் என்று இருந்தால் நம் ஐ.டி. துறையால் அதைச் செய்ய முடியாது; தானாகச் சேமிக்கப்படும் பேக்கப்பைத் தேடி ஒற்றைக் கோப்பை மட்டும் அழிக்க வழியிருக்காது. “தானியங்கிக் காப்புப் பிரதிகளும், சட்டப்படி வைத்திருக்க வேண்டியவையும் நீங்கலாக, அவை இருக்கும்வரை ரகசியக் கடமை தொடரும்” என்ற கருத்தில் ஒரு வரி சேருங்கள். இதை மறுப்பவர்கள் குறைவு.

கடைசியாக, என்.டி.ஏ.வில் இருக்கக்கூடாத விருந்தாளிகள். ஊழியர்களை வேலைக்கு எடுக்கக்கூடாது என்ற தடை, அறிவுசார் சொத்தை மாற்றிக்கொடுக்கும் வரி, வேறு யாரிடமும் பேசக்கூடாது என்ற கட்டு, வரம்பில்லாத இழப்பீட்டு உறுதி. இவை ‘பொது’ என்ற தலைப்பின் கீழ் இருக்கும். களைப்பில் கடைசிப் பக்கத்தைப் புரட்டிவிடுவதால்தான் தப்பிப்போகின்றன.

இவ்வளவும் பார்த்த பிறகு, கண்டதையெல்லாம் திருத்தாதீர்கள். புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். இரண்டு வாரப் பேச்சுக்கான என்.டி.ஏ.வில் முப்பது திருத்தம் போட்டால், எதிர்த்தரப்பு வக்கீல் முப்பதுக்கும் பதில் எழுதுவார். பேச்சு தொடங்கவேண்டிய மாதம் அதிலேயே போய்விடும். அது அப்படியே நடந்தால் நமக்கு உண்மையில் வலிக்குமா என்று ஒவ்வொன்றையும் கேட்டுப் பாருங்கள். வலிக்காது என்றால் விட்டுவிடுங்கள், நடை எவ்வளவு கரடுமுரடாக இருந்தாலும்.

அனுப்பும் முன் இரண்டு காரியம். நம் டீமுக்காக ஓரத்தில் எழுதிய கமென்ட்கள் கோப்பில் இருந்தால் எதிர்த்தரப்புக்கு நம் கடைசி நிலைப்பாடு தெரிந்துவிடும். உள் பிரதி, வெளிப் பிரதி என்று இரண்டாகச் சேமித்து, வெளிப் பிரதியை, ஒளிந்திருக்கும் கமென்ட்களைக் கண்டுபிடித்து நீக்கும் வேர்டின் டாகுமென்ட் இன்ஸ்பெக்டரில் ஓட்டுங்கள். திரும்பி வரும் ஆவணத்தில் ட்ராக் சேஞ்சஸ் காட்டுவதை மட்டும் நம்பாமல், நீங்கள் கடைசியாக அனுப்பிய கோப்போடு ‘கம்பேர்’ செய்யுங்கள். ட்ராக் அணைத்துவைத்து மாற்றியது தவறுதலாகவே நடந்திருந்தாலும், கையெழுத்தான பிறகு அது உங்கள் ஒப்பந்தம்.

பதில் எழுதும் விதம்

பொறுப்பு வரம்பு பற்றிக் கொள்முதல் மேலாளர் கேட்டார் என்று வைத்துக்கொள்வோம். ட்ரெய்னி எழுதும் முதல் வரைவு பெரும்பாலும் இப்படித் தொடங்கும்: “1977-ஆம் ஆண்டு நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டத்தின்படி, அலட்சியத்தால் ஏற்படும் மரணம் அல்லது உடற்காயத்துக்கான பொறுப்பை விலக்க முடியாது, மற்ற இழப்புகளுக்கு நியாயமானதா என்ற சோதனை பொருந்தும்…” எல்லாம் சரிதான். ஆனால் மேலாளர் மூன்றாவது வரியில் படிப்பதை நிறுத்திவிடுவார்.

அதே பதிலை இப்படி எழுதலாம்: “இப்போதைக்குக் கையெழுத்திட வேண்டாம். அவர்கள் சேவை நின்றுபோனால் நமக்குக் கிடைப்பது அதிகபட்சம் ஓராண்டுக் கட்டணம். அது உங்களுக்குப் போதுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்: ஒரு நாள் நின்றால் நமக்கு எவ்வளவு நஷ்டம்? தொகை தெரிந்தால், இரண்டு ஆண்டுக் கட்டணம் கேட்டு ஒரு திருத்தம் இன்று மாலைக்குள் தருகிறேன். மரணம், உடற்காயம் பற்றிய வரி சட்டப்படி சரியாக இருக்கிறது.” முடிவு முதலில், பிசினஸ் எடுக்க வேண்டிய தீர்மானம் எது என்பது அடுத்து, சட்டம் ஒரே வரியில் கடைசியில். ஆபத்தை ஏற்பதா என்பது கம்பெனியின் தீர்மானம். அந்த ஆபத்து எவ்வளவு பெரியது என்று மறைக்காமல் சொல்வது உங்களுடையது. ஆரம்ப வாரங்களில் இப்படி எழுதியதை வெளியே அனுப்பும் முன் மேற்பார்வையாளரிடம் காட்டுங்கள். எவற்றை அவர் பார்க்காமலே அனுப்பலாம் என்பதை அவரிடமே கேட்டு, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நடந்துபோகும்போது கேட்கப்படும் கேள்விகளுக்கு அங்கேயே விடை சொல்லத் தூண்டும். “விலையை மெயிலில் உறுதி செய்துவிடலாமா?” என்று யாராவது கேட்டால் நில்லுங்கள். ஆங்கிலச் சட்டத்தில் சாதாரண மெயில் பரிமாற்றத்திலேயே ஒப்பந்தம் உருவாகிவிடும், கையெழுத்து வேண்டியதில்லை. பேச்சுவார்த்தை மெயில்களில் “முறையான ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை கட்டுப்படுத்தாது” என்ற பொருளில் வழங்கும் ‘சப்ஜெக்ட் டு கான்ட்ராக்ட்’ என்ற குறிப்பைத் தலைப்பில் வைக்கச் சொல்லுங்கள். வாயால் சொன்ன எதையும் மேசைக்குத் திரும்பியதும் நான்கு வரி மெயிலாக அனுப்பிவிடுங்கள். “லீகல் சரி என்றது” என்பது இரண்டு நாளில் கம்பெனி முழுக்கச் சுற்றிவிடும், நீங்கள் சொன்ன நிபந்தனைகள் இல்லாமல்.

விளம்பர வாசகங்களும் வரும். அதற்கு ஒரே கேள்வி: ஆதாரம் இப்போது கையில் இருக்கிறதா? விளம்பரம் வெளியான பிறகு தேடிக்கொள்ளலாம் என்பது விளம்பர விதிகளில் செல்லாது.

யாரை சி.சி.யில் போடுவது

கம்பெனியின் சொந்த வக்கீல் தரும் சட்ட ஆலோசனைக்கும் ஆங்கில நீதிமன்றங்களில் ப்ரிவிலேஜ் உண்டு, அதாவது அதை எதிர்த்தரப்புக்குக் காட்டாமல் ரகசியமாக வைக்கும் உரிமை. வியாபார யோசனைக்கு இல்லை. த்ரீ ரிவர்ஸ் வழக்கில் 2003-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ‘க்ளையன்ட்’ என்பதைக் குறுக்கிவிட்டது: சட்ட ஆலோசனை கேட்கவும் பெறவும் அதிகாரம் பெற்றவர்களே க்ளையன்ட், எல்லா ஊழியர்களும் அல்ல. ஆகவே பதினைந்து பேர் இருக்கும் மெயில் சங்கிலியில் ‘ரிப்ளை ஆல்’ அடித்து ஆலோசனை சொல்லாதீர்கள். கேட்டவருக்குத் தனியாக எழுதி, இதை வேறு யாருக்கும் அனுப்ப வேண்டாம் என்று சேருங்கள். ஐரோப்பிய ஆணையத்தின் போட்டிச் சட்ட விசாரணையில் கம்பெனி வக்கீலின் மெயில்களுக்கு இந்தப் பாதுகாப்பே கிடையாது என்று அக்சோ வழக்கில் 2010-ல் தீர்ப்பாயிற்று. விலை, போட்டியாளர், சந்தைப் பங்கு என்ற வார்த்தைகள் வந்தால் மெயில் எழுதுவதை நிறுத்திவிட்டு மேற்பார்வையாளரைக் கூப்பிடுங்கள்.

இரண்டு வீட்டுக்கு நடுவில்

கம்பெனி எந்தெந்தச் சட்ட நிறுவனத்துக்கு எவ்வளவு கொடுக்கிறது, யார் மேல் அதிருப்தி என்பதெல்லாம் உங்கள் கண்ணில் படும். உங்கள் நிறுவனத்தின் பார்ட்னர் காபி குடித்தபடி அன்பாக விசாரித்தாலும் அதைச் சொல்லக்கூடாது. அவருக்கும் அது தெரியும். “அதை லீகல் டீம் தலைவரிடமே கேளுங்களேன்” என்றால் வருத்தப்பட மாட்டார். வேறு க்ளையன்ட்டுகளைப் பற்றி உங்கள் நிறுவனத்தில் தெரிந்துகொண்டதும் கம்பெனிக்குள் வரக்கூடாது. வெளி வக்கீல்களின் கட்டண மதிப்பீடுகளை ஒப்பிடச் சொல்லி அதில் உங்கள் நிறுவனமும் இருந்தால், அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று உடனே சொல்லுங்கள்.

சக ஊழியர் தன் வீட்டு வாடகை ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து, “சும்மா ஒரு பார்வை பாருங்களேன்” என்பார். மறுப்பது சங்கடம்தான். ஆனால் அவர் கம்பெனியின் ஊழியரே தவிர உங்கள் க்ளையன்ட் அல்ல. உங்கள் காப்பீடும் அதற்குப் பொருந்தாமல் போகலாம். இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் பக்கம் வழிகாட்டிவிடுங்கள். தவிர்க்க வேண்டிய இன்னொன்று: எதிர்த்தரப்பிடம், “நாங்கள் கண்டிப்பாகச் செய்துதருவோம்” என்ற தொனியில் எதையும் எழுதாதீர்கள். சொலிசிட்டர் பணியின் பேரில் தரும் வாக்குறுதி கட்டுப்படுத்தும்.

மாலை: கையெழுத்து

பிற்பகல் மூன்று மணிக்கு மேல் கையெழுத்து வேலைகள் குவியும். அதிகாரப் பட்டியலைப் பார்க்கும்போது ஆண்டுத் தொகையை அல்ல, மொத்தத் தொகையைப் பாருங்கள். ஆண்டுக்கு 40,000 பவுண்டு, மூன்று ஆண்டு என்றால் 1,20,000. துறைத் தலைவரின் வரம்பு 1,00,000 என்றால் அவர் கையெழுத்து போதாது. தானாகப் புதுப்பிக்கும் பிரிவு இருந்தால் அதையும் எப்படிக் கணக்கிடுவது என்று கேளுங்கள்.

சாதாரண ஒப்பந்தத்தில் அதிகாரம் பெற்ற யாரும் கம்பெனி சார்பில் கையெழுத்திடலாம். ‘டீட்’ எனப்படும், கையெழுத்துக்குக் கூடுதல் முறைமை உள்ள ஆவணம் என்றால் வேறு. 2006-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 44-ஆம் பிரிவுப்படி, முத்திரை இல்லாவிட்டால் இரண்டு இயக்குநர்கள், அல்லது ஓர் இயக்குநரும் செயலாளரும், அல்லது சாட்சி முன்னிலையில் ஓர் இயக்குநர். மின்கையெழுத்து செல்லும் என்றாலும் சாட்சி அதே அறையில் இருந்து பார்க்க வேண்டும். வீடியோ அழைப்பில் பார்த்தது போதாது என்பது சட்ட ஆணையம் 2019 அறிக்கையில் சொன்ன நிலைப்பாடு. வீட்டிலிருந்து வேலை செய்யும் இயக்குநருக்கு டீட் அனுப்பும்போது, “பக்கத்தில் சாட்சிக்கு ஒருவர் இருக்கிறாரா?” என்று காலையிலேயே கேட்டுவிடுங்கள். ஒப்பந்த மீறலுக்கு வழக்குப் போடச் சாதாரண ஒப்பந்தத்தில் 6 ஆண்டு, டீடில் 12 ஆண்டு. எதிர்த்தரப்பு காரணமில்லாமல் டீடாகக் கேட்டால் இந்தக் கணக்கு மனதில் இருக்கட்டும்.

தேதிக் கட்டத்தை யாரும் முன்கூட்டி நிரப்ப வேண்டாம். எல்லாத் தரப்பும் கையெழுத்திட்டு, ஒப்பந்தம் இனி நடைமுறைக்கு வரலாம் என்று சொன்ன பிறகுதான் தேதி. முழுதாகக் கையெழுத்தான பிரதியைச் சேமித்து, புதுப்பிக்கும் நாளையும் முடித்துக்கொள்ள அறிவிப்புத் தரவேண்டிய கடைசி நாளையும் டீமின் பொது காலண்டரில் போடுங்கள். உங்கள் சொந்த காலண்டரில் போட்டால் நீங்கள் போன அன்றே அவை தொலைந்துவிடும்.

கிளம்பும் முன் பத்து நிமிடம்

கட்டணம் வசூலிக்கச் சட்ட நிறுவனங்கள் வேலை நேரத்தைப் பதியும் ஆறு நிமிட யூனிட் கணக்கு கம்பெனியில் பெரும்பாலும் இருக்காது. அந்தச் சுதந்திரத்தில் பயிற்சிப் பதிவை விட்டுவிடாதீர்கள். என்ன வேலை, எந்தத் திறன், என்ன கற்றேன், அடுத்த முறை எதை மாற்றுவேன் என்று நான்கு வரி, க்ளையன்ட் பெயரும் ரகசியமும் இல்லாமல். வெள்ளிக்கிழமை சேர்த்து எழுதலாம் என்றால் திங்கட்கிழமை வேலை மறந்திருக்கும். அதோடு நடப்பு வேலைப் பட்டியலையும் புதுப்பியுங்கள்: விஷயம், யாருக்காக, இப்போது யார் கையில், அடுத்த தேதி, கோப்பு இருக்கும் இடம். கடைசி வாரத்தில் அடுத்த ட்ரெய்னிக்குக் கொடுக்கப்போவது இந்தப் பட்டியலைத்தான். ‘யார் கையில்’ என்ற கட்டத்தில் உங்கள் பெயர் இருக்கும் ஒவ்வொரு வரிக்கும், கிளம்பும் நாளுக்குள் இன்னொருவர் பெயர் வந்திருக்க வேண்டும். அந்த மாற்றத்தை வேலை கொடுத்த பிசினஸ்காரருக்கும் ஒரு மெயிலில் சொல்லியிருக்க வேண்டும்.